ஏறும்போது கொதிக்கிறது, பறக்கும்போது குளிர்கிறது: ஆர்வி-7 கவுலிங் காற்றை எப்படிக் கட்டுப்படுத்துவது?

கேள்வியின் சுருக்கம் இது. வீட்டில் கட்டிய சிறு விமானம், ஆர்வி-7. (கவுலிங் என்பது அதன் இன்ஜினை மூடும் உறை.) 180 குதிரைத்திறன் லைகாமிங் ஓ-360, கார்புரேட்டர் உள்ளது. 100 நாட் வேகத்தில் முழு த்ராட்டிலோடு ஏறினால் மூன்றாவது சிலிண்டர் ஹெட் 430 டிகிரி ஃபாரன்ஹீட்டை (221 செல்சியஸ்) தொடுகிறது. மற்றவை 390 முதல் 410. மேலே போய்ச் சமமாகப் பறக்கும்போது நான்கும் 320, 330க்கு இறங்கிவிடுகின்றன. குளிர்காலத்தில் ஆயில் 165ஐத் தாண்டுவதே இல்லை. முன்னால் உள்ள காற்று வாய்களைப் பெரிதாக்கலாமா, அடியில் காற்று வெளியேறும் இடத்தில் திறந்து மூடும் கதவான கவுல் ஃப்ளாப் வைக்கலாமா? (இனி வெப்பநிலைக்கு வெறும் டிகிரி என்று வந்தால் ஃபாரன்ஹீட் என்று கொள்ளுங்கள்.)

முன்வாயைத் தொடாதீர்கள். கவுல் ஃப்ளாப் உங்களுக்குப் பயன்படும், ஆனால் அது மூன்றாவது வேலை. முதல் வேலை கசிவை அடைப்பது, இரண்டாவது சிலிண்டர்களுக்குள் காற்றைச் சமமாகப் பங்கிடுவது. இந்த வரிசையை மாற்றினால், ஓட்டை வழியே ஓடும் காற்றுக்குத்தான் ஃப்ளாப் வைத்துக் கதவு திறந்துவிடுவீர்கள்.

முதலில் கணக்கு. இந்த இன்ஜினில் காற்று முன்வாய் வழியே சிலிண்டர்களுக்கு மேலுள்ள அறைக்குள் வந்து அழுத்தமாகிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய குளிர்விப்பு மடிப்புகளான ஃபின்களுக்கு இடையே கீழே இறங்கி, கீழறைக்கு வந்து, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரான ஃபயர்வாலின் அடிவிளிம்பில் உள்ள வாய் வழியே வெளியேறுகிறது. குளிர்விப்பதைத் தீர்மானிப்பது மேலறைக்கும் கீழறைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். கடல் மட்டத்தில் 100 நாட் வேகத்தில் காற்றின் மொத்த டைனமிக் அழுத்தமே சுமார் 16.5 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம்தான், அதாவது ஆறரை அங்குலம். 120 நாட்டில் 24 சென்டிமீட்டர். 160 நாட்டில் 42 சென்டிமீட்டர். ஒவ்வொரு இன்ஜினுக்கும் எவ்வளவு வித்தியாசம் வேண்டும் என்பதை லைகாமிங் தனி வரைபடமாகவே தருகிறது; உங்கள் மாடலுக்கானதைப் பாருங்கள். கைக்கணக்குக்கு முழுச் சக்தியில் 5 அங்குலம், அதாவது 12-13 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, ஏறும்போது கையில் இருப்பதில் முக்கால் பங்கு ஃபின்களுக்கு இடையில் செலவாக வேண்டும். கசிவுக்கோ உரசலுக்கோ கொடுக்க மீதம் அதிகமில்லை. சமமாகப் பறக்கும்போது கதை தலைகீழ்: சக்தி குறைவு, அழுத்தமோ இரண்டரை மடங்கு. தேவைக்கு மேல் ஓடும் காற்று ஒவ்வொரு நொடியும் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. 430க்கும் 325க்கும் உள்ள இடைவெளியின் பெரும்பகுதி இதுதான்.

எவ்வளவு காற்று? 180 குதிரைத்திறன் என்பது 134 கிலோவாட். சிலிண்டர் சுவர் வழியாகவும் ஹெட் வழியாகவும் காற்றுக்குப் போகும் வெப்பம் ஏறக்குறைய அதில் பாதி என்று எடுத்துக்கொண்டு, காற்று 65 செல்சியஸ் டிகிரி சூடாகட்டும் என்று வைத்தால், நொடிக்கு ஒரு கிலோ காற்று வேண்டும். சூடாகி மெலிந்த அந்தக் காற்று நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வெளியேற, வெளிவாய் 230 சதுர சென்டிமீட்டர் அளவு இருக்க வேண்டும். 8,000 அடியில் குறைந்த சக்தியில் பறக்கும்போது இதே கணக்கைப் போட்டால் 130 சதுர சென்டிமீட்டர் போதும் என்று வரும். இவை பருமனான எண்கள்தான். ஆனால் ஏறுவதற்கு வேண்டியதில் பாதியை விடச் சற்றே கூடுதலான வாய் பறப்பதற்குப் போதும் என்ற விகிதம் நம்பத்தக்கது. நிலையான வெளிவாய் வைத்த எந்த விமானமும் இந்த இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் சமரசம் செய்துகொண்டதுதான்.

வெளிவாயில் கட்டுப்படுத்த வேண்டும், முன்வாயில் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. வெளிவாயைச் சுருக்கினால் மேலறை அழுத்தம் குறையாது. வேண்டாத காற்று முன்வாய்க்கு வெளியிலேயே ஒதுங்கி, உதடு வளைவாக இருந்தால் அதிக இழப்பில்லாமல் கவுலிங்கைச் சுற்றிப் போய்விடும். முன்வாயை அகலமாக்கினாலோ வெளியேற வழி அதே அளவுதான். உள்ளே போகும் காற்று கூடாது, முகப்பு மட்டும் கெடும். முன்வாய் தவறாக இருக்கும் இடங்களும் உண்டு: உதடு கூர்மையாக இருந்தால் மூக்கைத் தூக்கி ஏறும்போது அங்கே காற்று பிரிந்து சுழலும், வாய்க்குப் பின்னால் உள்ள விரிவு ஒரேயடியாக விரிந்தாலும் அதே கதி. ஒவ்வொரு சுவரும் 7, 8 டிகிரிக்கு மேல் விரியாமல் இருப்பது நல்லது. ஆனால் இதை ஊகித்துச் செய்ய வேண்டாம், அளந்துவிடலாம்.

அளக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பழைய ஏர்ஸ்பீடு இண்டிகேட்டர் ஒன்று போதும். அது உண்மையில் அழுத்த வித்தியாச மீட்டர்தானே. பிட்டாட் துளையை (எதிர்க்காற்றின் அழுத்தத்தை வாங்குவது) ஓர் அறைக்கும் ஸ்டாட்டிக் துளையை (சுற்றுக் காற்றின் அழுத்தத்தை வாங்குவது) இன்னொன்றுக்கும் இணைத்தால் வித்தியாசத்தை நேராகக் காட்டும்: 78 நாட் என்றால் 10 சென்டிமீட்டர் தண்ணீர், 95 நாட் என்றால் 15 சென்டிமீட்டர். உயரத்தில் திருத்தம் எதுவும் வேண்டாம், அது காட்டுவது அழுத்தத்தை மட்டுமே. ட்யூபின் முனை காற்று நேராக அடிக்கும் இடத்தில் இருந்தால் எண் பொய்யாகும். 6 மில்லிமீட்டர் அலுமினியக் குழாயின் முனையை அடைத்து, பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் துளைகள் எட்டுப் பத்துப் போட்டு, மேலறையில் சிலிண்டர்களுக்கு மேலே குறுக்காகக் கட்டுங்கள். கீழறையில் எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, கார்புரேட்டருக்குப் பின்னால் இன்னொன்று. எக்ஸாஸ்ட் அருகே செல்லும் பகுதிக்குச் சிலிக்கான் ட்யூப், கேபினுக்குள் வினைல். ஃபயர்வாலில் புதுத் துளை போட வேண்டாம், இருக்கிற ஒயர் வழியையே சோதனைக்கு மட்டும் தற்காலிகமாகப் பயன்படுத்தி, பிறகு தீத்தடுப்பு சீலன்ட்டால் மூடிவிடுங்கள்.

மூன்று அளவு எடுங்கள்: மேலறைக்கும் விமானத்தின் ஸ்டாட்டிக்குக்கும், கீழறைக்கும் ஸ்டாட்டிக்குக்கும், மேலறைக்கும் கீழறைக்கும். ஒவ்வொரு எண்ணையும் அந்த நேரத்து விமான வேகத்தால் வகுத்து, வர்க்கப்படுத்துங்கள். விமானம் 100 நாட், மீட்டர் 84 காட்டினால் 0.84இன் வர்க்கம் 0.7, அதாவது டைனமிக் அழுத்தத்தில் 70 சதவீதம் பிடிபட்டிருக்கிறது. மேலறை 0.8க்கு மேல் இருந்தால் முன்வாய்க்கு எந்தக் குறையும் இல்லை. அது 0.6க்குக் கீழே கிடந்தால் உதடு, விரிவு, அல்லது பெரிய கசிவு. கீழறை 0.2, 0.3 என்று வீங்கியிருந்தால் வெளிவாய் நெரிகிறது. உங்கள் எண்களைப் பார்த்தால், மேலறை நன்றாகவும் கீழறை கொஞ்சம் வீக்கமாகவும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் கசிவும் கீழறையை வீங்க வைக்கும். அதனால்தான் முதலில் கசிவு.

மேலறையைக் கீழறையிலிருந்து பிரிக்கும் பேஃபிள் தகடுகளுக்கும் கவுலிங்குக்கும் நடுவே ரப்பர் பட்டை தொடும் விளிம்பு சுற்றளவில் இரண்டரை மீட்டர் வரும் என்று வையுங்கள். அதில் சராசரி 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் 50 சதுர சென்டிமீட்டர். உங்கள் வெளிவாயில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு டிகிரி வெப்பத்தைக்கூட எடுக்காமல் ஓடிப்போகும் காற்றுக்கு. இரவில் கவுலிங்கை மாட்டி, அடிவாயில் பிரகாசமான விளக்கை வைத்து, முன்வாய் வழியே கண்ணாடியும் தலையும் நுழைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் கசிவு. இன்னொரு வழி, 20 மணி நேரம் பறந்த பிறகு கவுலிங்கின் உள்முகத்தைப் பார்ப்பது: பட்டை உரசிய கோடு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். கோடு அறுந்த இடத்தில் பட்டை தொடவில்லை, அல்லது காற்றில் பின்னுக்கு மடிந்துவிட்டது.

பட்டைக்குக் கண்ணாடியிழை வலுவூட்டிய சிலிக்கான் ரப்பர், 2.4 மில்லிமீட்டர் கனம், நல்லது. அது எப்போதும் முன்னோக்கியும் உள்நோக்கியும் வளைய வேண்டும். மேலறை அழுத்தம் அதைக் கவுலிங்கோடு அமுக்கும். பின்னோக்கி வளைந்தால் அழுத்தம் அதைத் திறந்துவிடும். தரையில் பார்க்கும்போது ஒட்டியதுபோலவே தெரியும், பறக்கும்போது வாய் பிளக்கும். மூலைகளில் இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும், முட்டக் கூடாது. மேல் கவுலிங்கின் முன்வாய்ச் சரிவுக்கு அடியில் ஒரு பொந்து இருக்கும்; ஆர்வி வரிசையில் பலரும் தவறவிடும் இடம் அது. ஃப்ளைவீலுக்குப் பின்னால், கிராங்க்கேஸுக்கு மேலே குறுக்காக வரும் முன்தகடும் அதே சந்தேகப் பட்டியலில். கிராங்க்கேஸோடு தகடு சேரும் ஓரங்கள், திருகு ஓட்டைகள், ஒயர் நுழைவுகள் எல்லாம் அசிட்டோனால் துடைத்து உயர்வெப்ப ஆர்டிவி சிலிக்கானால் அடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் ஆர்டிவி ஒரு மாதம்கூட நிற்காது.

கேபின் ஹீட்டருக்கு மேலறையிலிருந்து 50 மில்லிமீட்டர் ஹோஸ் போகிறதா? அது மட்டும் 20 சதுர சென்டிமீட்டர். கோடையில் மூடி வையுங்கள். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவைக் குளிர்விக்கும் மெல்லிய ட்யூப்கள் அப்படியே இருக்கட்டும், அவை வாங்குவது சொற்பம்.

இனி பங்கீடு. உங்கள் மூன்றாவது சிலிண்டர், அதாவது விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் வலப்பக்கப் பின் சிலிண்டர், மட்டும் 20, 30 டிகிரி அதிகம் காட்டுவது லைகாமிங்கின் பழைய வழக்கம். காரணம் வார்ப்பில் இருக்கிறது: ஹெட்டின் ஒரு பக்கம் ஃபின்கள் ஆழமானவை, மறுபக்கம் ஏறக்குறைய இல்லாத அளவுக்கு ஆழம் குறைந்தவை. எல்லாச் சிலிண்டரும் ஒரே வார்ப்பு, இடப்பக்கத்தவை திரும்பி நிற்கின்றன. ஆகவே மூன்றின் பின்முகமும் இரண்டின் முன்முகமும் ஆழமற்ற பக்கங்கள். மூன்றின் பின்னால் பேஃபிள் தகடு அந்த ஃபின்களில் ஒட்டி உட்கார்ந்தால் காற்று இறங்க வழியே கிடையாது. தகட்டைப் பிடிக்கும் திருகில் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வாஷர் அடுக்கி விலக்கினாலே பலருக்கு 15 டிகிரி கிடைத்திருக்கிறது. இன்னும் வேண்டுமென்றால் அந்த இடத்தில் தகட்டை வெட்டி, பின்புறம் 15-20 மில்லிமீட்டர் புடைத்த ஒரு சிறு கூண்டை ரிவெட் செய்யுங்கள். மேலே திறந்திருக்கும், கீழே ஹெட்டின் அடிப்பகுதி வரை காற்றைக் கொண்டுபோய் விடும். கூண்டின் கீழ்ப்பகுதி பாதியிலேயே திறந்துகொண்டால் அது குளிர்விப்பு அல்ல, புதுக் கசிவு.

இரண்டின் முன்பக்கமும் இதே வைத்தியம் ஏற்கும். ஒன்று, இரண்டு சிலிண்டர்களுக்கு முன்னால் நிற்கும் குட்டைத் தடுப்புத் தகடுகள் முன் சிலிண்டருக்கும் பின் சிலிண்டருக்கும் உள்ள பங்கை முடிவு செய்கின்றன. முன் சிலிண்டர் சூடு என்றால் தடுப்பின் உயரத்தை ஒரு நேரத்தில் 6 மில்லிமீட்டர் மட்டும் குறைத்துப் பறந்து பாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் முதலில் அலுமினிய டேப்பால் உயர்த்தித் தாழ்த்திச் சோதிப்பதே சிக்கனம்.

சிலிண்டர்களுக்கு நடுவே, அடியில் மாட்டும் தகடுகளைப் பலர் மறந்தே போகிறார்கள். காற்று ஃபின்களைச் சுற்றி அடிப்பக்கம் வரை ஒட்டிக்கொண்டு போக வைப்பவை இவைதான். தளர்ந்து அரை அங்குலம் தொங்கினால் காற்று இரண்டு சிலிண்டருக்கும் நடுவே நேராக விழுந்துவிடும். சிலிண்டரின் கீழ்ப்பாதிக்கு ஒன்றும் கிடைக்காது. கம்பி இழுத்துக் கட்டும் வகை என்றால் கம்பி இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். கை வைத்து அசைத்தால் அசையக் கூடாது.

ஹெட்டை இன்னொரு முறை நேராகப் பாருங்கள். மேல் பிளக்குக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடுக்குகளில் வார்ப்பின் மெல்லிய உலோகச் சவ்வு மிச்சம் இருக்கும். அடியிலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சம் மேலே வர வேண்டும். வராத இடத்தில் நீண்ட ட்ரில் பிட்டைக் கையால் சுற்றி, மெல்லிய அரத்தால் சுத்தம் செய்யுங்கள். மின் ட்ரில் வேண்டாம். ஃபினின் வேரில் ஒரு கீறல் விழுந்தால் பிற்காலத்தில் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

இங்கே ஓர் இடைமறிப்பு. சூடெல்லாம் காற்றின் குற்றமல்ல. முழு த்ராட்டிலில் 180 குதிரைத்திறனுக்கு மணிக்கு 16 முதல் 18 அமெரிக்க கேலன், அதாவது 60 முதல் 68 லிட்டர் எரிபொருள் போக வேண்டும். உங்கள் ஃப்ளோ மீட்டர் 14 காட்டினால் கார்புரேட்டரின் ஜெட்டைப் பாருங்கள். பேஃபிளை எவ்வளவு அடைத்தாலும் அந்த ஹெட் குளிராது. இக்னிஷன் டைமிங்கை டேட்டா ப்ளேட்டில் உள்ள எண்ணோடு சரிபாருங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால் ஏறும்போது அது எவ்வளவு முன்கூட்டிப் பற்றவைக்கிறது என்பதையும் பாருங்கள். டைமிங் இரண்டு மூன்று டிகிரி கூடினாலே ஹெட்டின் சூட்டில் தெரியும். ஸ்பார்க் பிளக் வாஷர் வகை சென்சார் ஒரு சிலிண்டரிலும், ஹெட்டின் குழிக்குள் போகும் வகை மற்றவற்றிலும் கலந்திருந்தால் அவற்றை ஒப்பிட்டுப் பயனில்லை. சென்சார்களைக் கழற்றிக் கொதிநீரில் நான்கையும் சேர்த்து விட்டால் பொய்யன் வெளிப்படுவான். புதிய இன்ஜின் என்றால் ரிங்குகள் உட்காரும் வரை சூடாகத்தான் ஓடும். அந்த எண்களை வைத்து எதையும் வெட்டாதீர்கள்.

வரம்புகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லைகாமிங் காட்டும் உச்சம் 500 டிகிரி (260 செல்சியஸ்). அந்த எண்ணை மறந்துவிடுங்கள். நீண்ட ஆயுளுக்கு அவர்களே சொல்வது அதிவேகப் பயணத்தில் 435க்குக் கீழே, சிக்கனப் பயணத்தில் 400க்குக் கீழே. 400ஐத் தாண்டினால் அலுமினிய ஹெட்டின் வலு வேகமாகக் குறைகிறது. ஏற்றத்தில் சிறிது நேரம் 410 பொறுக்கலாம். 430 தொட்டால் மூக்கைத் தாழ்த்துங்கள்: 100 நாட்டிலிருந்து 120க்குப் போனால் டைனமிக் அழுத்தம் 44 சதவீதம் கூடுகிறது. எந்தத் தகடும் தராத லாபம் அது, காசும் செலவில்லை.

கசிவும் பங்கும் சரியான பிறகு மறுபடி மூன்று அளவையும் எடுங்கள். நான்கு ஹெட்டும் 20 டிகிரிக்குள் வந்து, ஏற்றத்தில் இன்னும் 410க்கு மேல் நின்று, கீழறையும் வீங்கியிருந்தால்தான் வெளிவாய்க்குப் போக வேண்டும். அங்கேயும் முதலில் ஃபயர்வாலின் அடிமுனை. செங்குத்தாக இறங்கும் காற்று கூரான 90 டிகிரி விளிம்பில் திரும்ப முடியாமல் பிரிந்து, வாயின் மேல்பாதியைச் சுழலாக அடைத்துக்கொள்கிறது. 230 சதுர சென்டிமீட்டர் வாய் 170 போல வேலை செய்யும். 50 மில்லிமீட்டர் ஆரம் கொண்ட வளைவை மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் செய்து அந்த விளிம்பில் மாட்டினால், வாயை ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரிதாக்காமல் காற்று கூடும். கவுல் ஃப்ளாப்புக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். சிலருக்கு இதற்குப் பிறகு ஃப்ளாப் தேவைப்படாமலே போகிறது.

அடிக் கவுலிங்கில் லூவர், அதாவது சாய்ந்த கீற்றுத் திறப்புகள், வெட்டுவது எளிய மாற்று. வெப்பமான இடங்களில் பலரும் செய்கிறார்கள், வேலை செய்கிறது. ஆனால் அது எப்போதும் திறந்தே கிடக்கும் வாய். குளிர்காலத்து 165 டிகிரி ஆயில் இன்னும் குளிரும். எங்கே வெட்டுவது என்பதில் கவனம்: விண்ட்ஷீல்டின் அடியை ஒட்டிய மேல் கவுலிங் அழுத்தம் அதிகமான பகுதி. அங்கே திறப்பு வைத்தால் காற்று வெளியேறாது, உள்ளே வரும்.

கவுல் ஃப்ளாப் என்று முடிவானால், மூடிய நிலை வாய் 130 சதுர சென்டிமீட்டருக்கும் திறந்த நிலை 230-250க்கும் இலக்கு வையுங்கள். அதற்காக முதலில் நிலையான வாயைச் சுருக்க வேண்டும். இதைச் செய்யாமல் இருக்கிற வாயோடு ஃப்ளாப்பைச் சேர்த்தால் ஏற்றம் குளிரும், பறப்பில் வேகம் கூடாது, ஆயிலும் சூடாகாது, பாதி வேலைதான். ஃப்ளாப் 25 டிகிரிக்கு மேல் திறப்பதில் பெரிய பயனில்லை. அதற்குப் பிறகு கூடுவது பெரும்பாலும் இழுவைதான்.

30க்கு 15 சென்டிமீட்டர் ஃப்ளாப்பின் பரப்பு 0.045 சதுர மீட்டர். 160 நாட்டில் முழு டைனமிக் அழுத்தமும் அதன்மேல் விழுந்தால் ஏறக்குறைய 190 நியூட்டன். அது ஹிஞ்சிலிருந்து 7.5 சென்டிமீட்டரில் செயல்படுகிறது. உங்கள் தள்ளுகம்பி 5 சென்டிமீட்டரில் பிடித்தால் கம்பிக்கு 280 நியூட்டன் வரும். 12 வோல்ட் ஆக்சுவேட்டர் வாங்கினால் 500 நியூட்டன், 50 மில்லிமீட்டர் ஓட்டம் எடுங்கள், எக்ஸாஸ்ட் வெப்பம் எட்டாத இடத்தில் மாட்டுங்கள். கையால் இழுக்கும் கேபிள் இதைவிட இலகு, கெட்டுப்போவதும் குறைவு. பூட்டும் பொத்தான் உள்ள வகையாக இருக்கட்டும், அதிர்வில் தானாக நகரக் கூடாது. எதுவானாலும் இணைப்பு அறுந்தால் ஃப்ளாப் திறந்த நிலைக்குப் போகும்படி ஸ்பிரிங் வையுங்கள். மூடிய நிலையில் மாட்டிக்கொண்ட ஃப்ளாப்போடு ஓடுதளத்தில் இறங்கி மறுபடி ஏற வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

தகடு 1 மில்லிமீட்டர் அலுமினியம், எக்ஸாஸ்டை எதிர்கொள்ளும் பக்கம் ஸ்டெயின்லெஸ் கவசம், பியானோ ஹிஞ்ச், ஸ்டீல் பின். ஆர்வி-7இல் எக்ஸாஸ்ட் குழாய்கள் இதே வாய் வழியே வருவதால் ஃப்ளாப்பில் அவற்றுக்கு வெட்டு விட வேண்டும். சுற்றிலும் 25 மில்லிமீட்டர். ரப்பர் மவுண்டில் உட்கார்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் ஆடும் ஆட்டத்துக்கு அவ்வளவு வேண்டும். மூக்கைப் பிடித்து இன்ஜினை அசைத்து, ஃப்ளாப் திறந்தும் மூடியும் இருக்கும்போது குழாய் எதையும் தொடுகிறதா பாருங்கள். கவுலிங்கின் கண்ணாடியிழை அருகே வெப்பம் பட்டால் ரெசின் மிருதுவாகும். உள்முகத்தில் அலுமினியப் படலம் ஒட்டுங்கள்.

சூடான காற்றைச் சரியான வாயில் பின்னோக்கி வெளியேற்றினால் உந்துவிசையே கிடைக்கும் என்று எஃப். டபிள்யூ. மெரிடித் ஃபார்ன்பரோவில் 1935இல் கணக்கிட்டுக் காட்டினார். மஸ்டாங் போர் விமானத்தின் ரேடியேட்டர் அதனால் பேர் வாங்கியது. நம் வேகத்தில் அந்த உந்துவிசையை எதிர்பார்க்க வேண்டாம். காற்றை ஃப்யூஸலாஜுக்கு இணையாக, சுற்றுக் காற்றின் வேகத்துக்கு அருகில் வெளியேற்றி இழப்பைக் குறைப்பதே லாபம்.

ஆயில் தனிப் பிரச்சினை, ஃப்ளாப்பை வைத்து அதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். 180 டிகிரிக்குக் கீழேயே ஓடும் ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாது, கேம் துருப்பிடிக்கும். உச்சம் 245. நான்காவது சிலிண்டருக்குப் பின்னால் பேஃபிளில் மாட்டிய கூலருக்குப் பின்முகத்தில், கேபினிலிருந்து கேபிளால் நகரும் ஒரு மூடி வையுங்கள். கூலருக்கு ஹோஸ் வழியே காற்று போனால் அதற்குள் பட்டாம்பூச்சி வால்வு. முழுக்க அடைத்தாலும் சிறிது ஒழுகும்படி இருக்கட்டும். கோடையில் ஆயில் சூடேறினால் கூலரைப் பெரிதாக்கும் முன் வெர்னாதெர்ம் வால்வைக் கழற்றுங்கள். 185 டிகிரி சுற்றில் அது நீண்டு, ஆயிலைக் கூலர் வழியே அனுப்ப வேண்டும். பாத்திரத்துத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு சூடாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். நீண்டாலும் அது போய் உட்காரும் இருக்கை தேய்ந்திருந்தால் ஆயில் கூலரைச் சுற்றிக்கொண்டே போகும். கூலரிலிருந்து வரும் காற்றும் கீழறைக்குத்தான் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். கூலர் பெரிதானால் கீழறை வீங்கும், ஹெட்டும் கொஞ்சம் சூடேறும்.

சோதனைப் பறப்பில் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஒரே எடை, ஒரே வேகம்: முழு த்ராட்டில், முழு ரிச் (எரிபொருள் மிகுந்த கலவை), 100 நாட், ஓடுதளத்திலிருந்து 5,000 அடி வரை. ஒவ்வொரு 30 நொடிக்கும் நான்கு ஹெட், ஆயில், வெளி வெப்பம், அழுத்த மீட்டர். எழுதுவது பக்கத்து இருக்கையில் உள்ளவர் வேலை, அல்லது இன்ஜின் மானிட்டரின் பதிவு. விமானியின் கண் வெளியே இருக்கட்டும். வேறு வேறு நாட்களின் எண்களை ஒப்பிட வெளி வெப்பத்துக்குத் திருத்தம் வேண்டும். அமெரிக்கச் சான்றிதழ் விதிகள் ஹெட்டுக்கு ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்று கூட்டச் சொன்னன. கடல் மட்டத்தில் 100 டிகிரி என்பதே அவற்றின் கோடை நாள், ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3.6 டிகிரி குறைப்பு. 60 டிகிரி நாளில் 395 வந்தால் அந்தக் கணக்கில் கோடையில் 435. வீட்டில் கட்டிய விமானத்துக்கு இந்த விதி கட்டாயமில்லை, ஆனால் பிப்ரவரியில் சரிசெய்ததை ஜூலையில் மறுபடி செய்யும் வேலை மிச்சமாகும்.

வெளிவாயை மாற்றுவது பெரிய மாற்றமாகக் கருதப்படலாம். உங்கள் ஆபரேட்டிங் லிமிட்டேஷன்ஸ் தாளில் அதற்கு என்ன நடைமுறை எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சோதனை மணிநேரமும் லாக் புக் பதிவும் அதன்படி. செக்லிஸ்ட்டில் புறப்பாட்டுக்கும் இறங்குவதற்கு முன்பும் "கவுல் ஃப்ளாப் திற" என்ற வரியைச் சேருங்கள். மேலே சமமானதும் உடனே மூட வேண்டாம். எல்லா ஹெட்டும் 370க்குக் கீழே வந்த பிறகு பாதி, இரண்டு நிமிடம் கழித்து மீதி. மூடிய நிலையில் பயணத்தில் 350 முதல் 380 நின்றால் அளவு சரி. 330இலேயே நின்றால் மூடிய வாயை இன்னும் 10 சதுர சென்டிமீட்டர் சுருக்க இடமிருக்கிறது.